கீர்கங்கா வெந்நீர் ஊற்றுக்குச் செல்வோர் கவனத்திற்கு

இமாசலப் பிரதேசத்தின் பார்வதிப் பள்ளத்தாக்கில், சுமார் 2,950 மீட்டர் உயரத்தில் அமைந்த கீர்கங்கா வெந்நீர் ஊற்றுக்கு ஒரே நாளில் சென்று திரும்ப விரும்புவோர், நடைப்பயணம் தொடங்கும் பர்ஷைனியிலிருந்து விடியற்காலையிலேயே புறப்படுதல் உசிதம். ஏறத்தாழ 12 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஏறுவதற்கே நான்கைந்து மணி நேரம் ஆகிவிடும். நக்தான் கிராமத்தின் வழியே செல்லும் பாதைதான் புதியவர்களுக்கு உகந்தது. ஆயினும், ருத்ரநாக் அருவிக்கு அப்பால் வழி செங்குத்தாகிக் காட்டுக்குள் புகுமிடத்தில் ஈர வேர்கள் காலை வாரிவிடுமாதலால், அடிப்பாகம் தேயாத பாதரட்சை அவசியம்.

கார்த்திகேயன் தவமியற்றிய தலமென்று அப்பிரதேச மக்கள் போற்றும் அவ்வூற்றின் குளத்தைக் கண்ட ஆனந்தத்தில், வியர்வை வழியும் தேகத்துடன் உடனே இறங்கிவிடலாகாது. ஏறிய சிரமத்தால் உடலில் நீர் குறைந்திருக்கும் அவ்வேளையில், உஷ்ணத்தால் இரத்தக் குழாய்கள் விரிந்து, அழுத்தம் தாழ்ந்து, மயக்கம் உண்டாகக்கூடும். அரை மணி நேரம் இளைப்பாறி, தண்ணீர் அருந்தி, முதலில் பாதங்களை மட்டும் நனைத்துப் பழகிய பின்னரே அமிழ வேண்டும். பத்துப் பதினைந்து நிமிஷங்களில், மெல்ல எழுந்து கரையேற வேண்டும். பெண்களுக்குத் தனிக் குளம் உண்டு. சோப்பையோ எண்ணெயையோ அந்நீரில் கலப்பது பெரும் பிழை.

குளித்தெழுந்தவுடன் தாக்கும் குளிர்காற்றுக்குப் பிளாஸ்டிக் பையில் நனையாமல் கட்டிய மாற்றுடையும் கம்பளித் தொப்பியுமே துணை. பிற்பகல் ஒரு மணிக்கு மேல் தாமதியாமல் இறங்கினால்தான் இருட்டுமுன் பர்ஷைனி சேரலாம்.