பச்சையாகத் தெரிந்தால் போதுமா? சுரங்க நிலத்தை ஆய்வு செய்யும் ஒரு பாடம்

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் கனிம வளங்களை நடத்தும்போது, ‘பழுப்பு நிலக்கரி கிடைக்கும் இடம் நெய்வேலி’ என்ற ஒரு மதிப்பெண் விடையோடு அந்தப் பகுதி பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. திருச்செந்தூர் வட்டாரப் பிள்ளைகளுக்கு நிலக்கரி புதிய பொருள் அல்ல. தூத்துக்குடித் துறைமுகத்தில் அது குவிந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறார்கள். உடன்குடி அனல்மின் திட்டத்துக்காகக் கல்லாமொழிக் கடலுக்குள் கட்டிய இறங்குதளமும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் நிலக்கரியைத் தோண்டி எடுத்த நிலம் என்ன ஆனது? அறிவியல், கணக்கு, சமூக அறிவியல் மூன்றுக்கும் பொதுவான பாடம் இந்தக் கேள்வியில் இருக்கிறது.

நிலம் தலைகீழாகும் கதை

நெய்வேலி நிறுவனம் 1956இல் பதிவு செய்யப்பட்டது. 1957இல் சுரங்க வேலை தொடங்கியது. அது திறந்தவெளிச் சுரங்கம். ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்கு ஐந்து கன மீட்டருக்கும் மேலான மண்ணை அகற்ற வேண்டும். பெரிய சக்கர இயந்திரங்கள் வெட்டும் மண்ணை கன்வேயர் பெல்ட்டுகள் சுமந்துபோய், நிலக்கரி எடுத்து முடித்த பள்ளத்தில் கொட்டுகின்றன. பள்ளம் நிரம்பிவிடும். ஆனால் பல மீட்டர் ஆழத்தில் கிடந்த களிமண்ணும் மணலும் மேலே வந்துவிடும். மட்கும் நுண்ணுயிர்களும் நிறைந்த மேல்மண் கலந்து காணாமல் போகும். கனமான வண்டிகள் ஓடி மண் இறுகுவதால் நீரும் வேரும் உள்ளே இறங்காது.

அதனால்தான் மேல்மண்ணைத் தனியே சேர்த்துவைத்துக் கடைசியில் பரப்ப வேண்டும் என்கிறார்கள். நெய்வேலியில் நிரப்பிய நிலத்தில் மீண்டும் பயிர் செய்யும் முறைகளைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் ஆராய்ந்திருக்கிறது.

யார் பார்க்கிறார்கள்?

2009இல் நிலக்கரி அமைச்சகம் சுரங்க மூடல் திட்டத்துக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய் என்ற அன்றைய அடிப்படையில், நிறுவனம் தனிக் கணக்கில் பணம் கட்டிவர வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வேலையைப் பரிசோதித்த பிறகே அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். கோல் இந்தியாவின் பெரிய திறந்தவெளிச் சுரங்கங்களை, ராஞ்சியில் உள்ள மத்திய சுரங்கத் திட்டமிடல் நிறுவனம் செயற்கைக்கோள் படங்கள் மூலம் ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறது. தோண்டிய இடத்தில் மீண்டும் புல் வளர்க்க வேண்டும் என்பதைச் சுரங்கக் குத்தகையின் நிபந்தனையாக்கும்படி 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

அமெரிக்காவின 1977ஆம் ஆண்டுச் சட்டம் காலத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. நட்ட செடி நிலைத்ததா என்று ஐந்து ஆண்டுகள் நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். மழை குறைந்த பகுதிகளில் பத்து ஆண்டுகள். ஒரு மழைக்காலத்துப் பச்சையை நம்பக்கூடாது என்பது இதன் பொருள். குதிரைமொழித் தேரியின் செம்மணலில் காற்று மணலை எப்படி நகர்த்தும் என்று அறிந்த நம் மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

வகுப்பில் செய்து பார்க்கலாம்

1. இரண்டு பாத்திகள் (எல்லா வகுப்புகளும்): இலைகள் மட்கிக் கிடக்கும், ஆனால் வெயில் படும் இடத்தில் ஒரு அடி ஆழத்துக்கு இரண்டு பாத்திகள் தோண்டுங்கள். மேல் அரை அடி மண்ணைத் தனியே வையுங்கள். ஒரு பாத்தியில் மண்ணை இருந்த வரிசையிலேயே நிரப்புங்கள். மற்றதில் தலைகீழாக நிரப்பி மிதித்து இறுக்குங்கள். இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் உளுந்து விதைத்து, ஒரே அளவு நீர் ஊற்றுங்கள். 30 நாள்களுக்கு உயரத்தையும் இலைகளையும் குறித்து வரைபடம் வரையட்டும்.

2. நீர் இறங்கும் நேரம் (6-8): இருபுறமும் திறந்த தகர டப்பாவை மண்ணில் இரண்டு விரற்கடை அழுத்தி, ஒரு டம்ளர் நீர் ஊற்றி நேரம் பாருங்கள். தேரி மணல், விளையாட்டுத் திடல், தோட்டம் மூன்றையும் ஒப்பிடுங்கள். தகரத்தின் விளிம்பு கையைக் கிழிக்காதபடி ஆசிரியரே பிடித்துக்கொள்வது நல்லது.

3. ஆய்வுக் குழு (9-10): 40 ஹெக்டேர் சுரங்கத்துக்கு 6 லட்சம் வீதம் எவ்வளவு தொகை என்று கணக்கிடட்டும் (2.4 கோடி ரூபாய்). பின்பு ஐந்து குழுக்களாகப் பிரிந்து சரிவு, மண், நீர், செடி, உயிரினங்கள் என ஆளுக்கொரு கேள்விப் பட்டியல் தயாரித்து, பாத்திகளைப் பார்வையிட்டு அறிக்கை எழுதட்டும். ‘எத்தனை செடி நட்டோம்’ என்பதோடு ‘எத்தனை உயிரோடு இருக்கின்றன’ என்ற கேள்வியும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மதிப்பீட்டுக்கு ஒரே வினா போதும்: ‘இந்த நிறுவனத்துக்குப் பணத்தைத் திருப்பித் தரலாமா? காரணம் கூறுக.’ சரியான விடை ஒன்றே என்று இல்லை. பதிவேட்டிலிருந்து சான்று காட்டினால் மதிப்பெண் கொடுங்கள்.

சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த உழவர் குடும்பத்துக்கு அந்த மண் மீண்டும் விளையுமா என்பதுதான் கேள்வி. அவர்கள் மண்ணிலிருந்து வந்த மின்சாரம் நம் வகுப்பறை விசிறியையும் சுற்றவைக்கிறது. எனவே அந்தக் கேள்வியைக் கேட்கவும், விடையை அளந்து பார்க்கவும் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு மண்வெட்டியும் ஒரு மாத காலமும் இருந்தால் எந்தப் பள்ளியிலும் தொடங்கிவிடலாம்.