பறவை இருக்கும் அறைக்கு எந்த ஏர் பியூரிஃபையர்?

காக்கட்டீல் ஒருமுறை சிறகை உதறினால் போதும், ஜன்னல் வெயிலில் வெள்ளைத் தூள் மிதப்பது தெரியும். கூண்டுத் தட்டைத் தொட்டால் விரலில் மாவுபோல் ஒட்டும். இதற்காகவே பலர் ஏர் பியூரிஃபையர் தேடுகிறார்கள். வாங்குமுன் முதலில் கேட்க வேண்டியது, அது ஓசோன் வெளியிடுமா என்பதுதான்.

பறவைக்கு நுரையீரலோடு காற்றுப்பைகளும் உண்டு. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதுக்காற்று நுரையீரல் வழியே ஓடுவதால், ஓசோன் போன்ற நச்சும் மனிதரைவிட வேகமாக ஏறிவிடும். கார்பன் மோனாக்சைடைக் கண்டறிய பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களில் கேனரிகளை வைத்திருந்தது இதனால்தான். அவற்றை விலக்கும் முடிவு 1986-இல்தான் வந்தது.

ஆகவே அயனைசர், பிளாஸ்மா, ஓசோன் என்று பெட்டியில் இருந்தால் வேண்டாம். அயனைசரை அணைக்க பட்டன் இருந்தாலும் கைதவறி யாராவது போட்டுவிடலாம். ஹெப்பா ஃபில்டர் மட்டும் உள்ளதே நல்லது, 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். நாற்றத்துக்குக் கரி ஃபில்டர் போதும். உள்ளே டெஃப்லான் (நான்ஸ்டிக்) பூச்சு இல்லை என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது.

முன்பக்க வலையை இறகுத்தூள் சீக்கிரம் அடைத்துவிடும். வாரம் ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும்.

அடுப்பில் வெறுமனே காய்ந்துபோன நான்ஸ்டிக் தவாவின் நச்சு வாயுவை ஹெப்பா தடுக்காது. அந்தத் தவாவையே வீட்டிலிருந்து அகற்றிவிட வேண்டும்.