பிக்கப்பிலிருந்து 500 கிலோ எந்திரம்: இறக்கும் முன் என்ன தெரிய வேண்டும்?



பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறும்போது, துறைமுகத்தின் பெரிய பாரந்தூக்கிகள் கப்பல்களிலிருந்து கொள்கலன்களை இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கொள்கலன்களில் பட்டறை எந்திரங்களும் வருகின்றன. துறைமுகத்தில் அவற்றை இறக்கப் பாரந்தூக்கி உண்டு. பயிற்சி பெற்ற ஆள் உண்டு. ஆனால், அங்கிருந்து ஒரு பிக்கப்பில் ஏறிப் பிறையில் உள்ள ஒரு சிறிய பட்டறை வாசலுக்கு வரும் எந்திரத்தை யார் இறக்குவது? பெரும்பாலும் நான்கு பேரும் இரண்டு பலகைகளும்தான். உயிருக்கு ஆபத்து இருப்பதும் அந்த வாசலில்தான்.

பாரந்தூக்கி இல்லாத காலத்திலும் பினாங்கில் பாரம் இறங்கத்தான் செய்தது. கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்க, தொங்கான் எனப்படும் சரக்குப் படகுகள் சரக்கைக் கரைக்குக் கொண்டு வந்தன. 1904இல் சுவெட்டன்ஹாம் துறை கட்டப்பட்ட பிறகும் தொங்கான்கள் ஓய்ந்துவிடவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் பலர் இந்தத் துறைமுக வேலையில் இருந்தனர். பலகை, உருளை, கயிறு, கப்பி, கடப்பாரை ஆகியவையே அக்காலத்துக் கருவிகள். தொடக்கப்பள்ளி அறிவியலில் நீங்கள் படித்த எளிய எந்திரங்கள்தாம் இவை. இன்று ஒரு கடைசல் எந்திரத்தை, அதாவது லேத்தை, எடுத்துக்காட்டாகக் கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதல் கேள்வி: எடை எவ்வளவு?

2016 ஜூலை 1 முதல், உலகில் எந்தத் துறைமுகத்திலும் கொள்கலனின் மொத்த எடையைச் சரிபார்த்து அறிவிக்காமல் அதைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது அனைத்துலகக் கடற்பாதுகாப்பு விதி. பட்டறை வாசலுக்கும் அதே விதி பொருந்த வேண்டும். எடை தெரியாமல் எதையும் அசைக்கக் கூடாது. எந்திரத்தில் பதித்துள்ள தகட்டையும் தயாரிப்பாளரின் கையேட்டையும் முதலில் பாருங்கள்.

கண் மதிப்பீடு ஏமாற்றும். வார்ப்பிரும்பின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 7,200 கிலோகிராம். பக்கத்துக்கு 50 சென்டிமீட்டர் கொண்ட ஒரு திண்மக் கனசதுரம் பார்க்கச் சிறியதுதான். அதன் எடையோ 900 கிலோ!

நம் லேத்தின் பொருண்மை 500 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். புவி அதை ஏறக்குறைய 4,900 நியூட்டன் விசையுடன் இழுக்கிறது. பிக்கப்பின் தளம் தரையிலிருந்து 0.8 மீட்டர் உயரம். அங்கிருந்து விழுந்தால் தரையைத் தொட 0.4 வினாடியே ஆகும். கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் நகரத் தொடங்கவே அதில் பாதி நேரம் போய்விடும்.

இரண்டாவது கேள்வி: ஈர்ப்பு மையம் எங்கே?

அகன்ற அடித்தளமும் குறைந்த உயரமும் பொருளுக்கு நிலைத்தன்மை தரும் என்று படித்திருப்பீர்கள். லேத் இதற்கு நேர் எதிர். அதன் அடி ஒடுக்கம். கனமான பாகங்களோ மேலே. நீளவாக்கிலும் எடை சமமாக இல்லை. சுழல் தலையும் மோட்டாரும் உள்ள முனையே அதிகக் கனம். ஆகவே எந்திரத்தின் நடுப்புள்ளியும் ஈர்ப்பு மையமும் ஒன்றல்ல.

லேத்தின் அடி அகலம் 50 சென்டிமீட்டர், ஈர்ப்பு மையத்தின் உயரம் 70 சென்டிமீட்டர் என்க. மையம் அகலத்தின் நடுவில் இருந்தால், விளிம்பு வரை 25 சென்டிமீட்டர் இருக்கிறது. பக்கவாட்டில் ஏறக்குறைய 20 பாகை சாய்ந்ததும், மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக்கோடு அடித்தளத்தைத் தாண்டிவிடும். எந்திரம் கவிழும். மையம் ஒரு பக்கமாக 10 சென்டிமீட்டர் விலகியிருந்தால், அந்தப் பக்கம் 12 பாகை சாய்ந்தாலே போதும்.

இறக்குமுன் அனுபவசாலிகள் இரண்டு வேலை செய்வார்கள். நகரும் பாகங்களைக் கனம் குறைந்த முனைக்குத் தள்ளி, அங்கேயே இறுக்கிப் பூட்டுவார்கள். பிறகு எந்திரத்தைத் தளத்திலிருந்து சில சென்டிமீட்டர் மட்டும் தூக்கி, எந்தப் பக்கம் தாழ்கிறது என்று பார்ப்பார்கள். தாழ்ந்தால் உடனே இறக்கி, வாரின் இடத்தை மாற்றுவார்கள்.

சாய்தளம் செய்யும் உதவியும் உபத்திரவமும்

0.8 மீட்டர் உயரத் தளத்திலிருந்து 3.2 மீட்டர் நீளப் பலகையைச் சாய்த்தால், சரிவு ஏறக்குறைய 14.5 பாகை. எடையின் நான்கில் ஒரு பங்கு, அதாவது 1,225 நியூட்டன், சரிவின் வழியே கீழ்நோக்கி இழுக்கும். இது 125 கிலோ பாரத்தைக் கையில் தொங்கவிடுவதற்குச் சமம். உருளை வைத்தால் உராய்வு மிகவும் குறையும். அந்த விசை முழுவதையும் மனிதர் தாங்க முடியாது. உருளை இல்லாவிட்டாலும், உராய்வுக் கெழு ஏறக்குறைய 0.26க்கு மேல் இருந்தால்தான் எந்திரம் சரிவில் தானாக நிற்கும். எண்ணெய் சிந்திய பலகைக்கும் மழையில் நனைந்த பலகைக்கும் அந்த உறுதி கிடையாது.

ஆகவே, எந்திரத்தை மேலிருந்து பிடித்து நிறுத்த, உறுதியான இடத்தில் கட்டிய சங்கிலிக் கப்பியோ கைவின்ச்சோ வேண்டும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். எந்திரத்துக்குக் கீழே, சரிவின் பாதையில், யாரும் நிற்கக் கூடாது.

எந்திரத்தை எந்தத் திசையில் இறக்குவது? குறுக்காக வைத்தால் 14.5 பாகைச் சரிவு அதன் ஒடுங்கிய அடியைச் சோதிக்கும். மையம் விலகிய லேத் 12 பாகையிலேயே கவிழும் என்று பார்த்தோம். பலகையின் நீளத்துக்கு இணையாக வைத்தால் அடித்தளம் நீளமாகக் கிடைக்கும். எந்திரமும் அதே, பலகையும் அதே, திசைதான் வேறு.

பிக்கப்பே ஒரு நெம்புகோல்

எந்திரத்தைத் தளத்தின் பின்முனைக்கு நகர்த்தும்போது பின்சக்கர இருசு ஆதாரப் புள்ளியாகிறது. 500 கிலோ பாரம் இருசுக்கு 1.2 மீட்டர் பின்னால் வந்து, முன்பின் சக்கரங்களுக்கு இடையே 3 மீட்டர் தூரம் இருந்தால், முன்சக்கரங்களின் மீதுள்ள சுமை 200 கிலோ குறையும். பின்சக்கரங்களின் மீது 700 கிலோ கூடும். வில் அமுங்கி வண்டியின் வால் தாழும். பாரம் பலகைக்கு மாறியதும் வால் எழும்பும், பலகை நழுவலாம். அதனால், வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு ஆப்புக் கட்டை வைத்து, வாலுக்கு அடியில் தாங்குகட்டை கொடுத்து, பலகையையும் வண்டியோடு கட்ட வேண்டும்.

தொங்கவிட்டு இறக்கினால்?

கிரேன் லோரி கிடைத்தால் நல்லது. அங்கும் கோணம் முக்கியம். இரண்டு வார்களில் சமமாகத் தொங்கும் 4,900 நியூட்டன் பாரத்துக்கு, வார்கள் செங்குத்தாக இருந்தால் ஒவ்வொன்றிலும் 2,450 நியூட்டன் இழுவிசை. கிடைமட்டத்திலிருந்து 60 பாகையில் அது 2,830 ஆகும். 30 பாகையில் ஒவ்வொரு வாரும் முழு 4,900 நியூட்டனைத் தாங்க வேண்டும். குட்டையான வார் படுத்துக்கொள்ளும். படுத்த வார் சீக்கிரம் அறும். தொங்கும் பாரத்தின் கீழ் ஒருபோதும் நிற்காதீர்கள்.

விழும் எந்திரத்தைப் பிடிக்காதீர்கள்

விழத் தொடங்கிய எந்திரத்தைத் தாங்கக் கை தானாக நீளும். அந்த ஒரு நொடிதான் விரலையும் காலையும் சில வேளை உயிரையும் பறிக்கிறது. கவிழும் 500 கிலோவை நான்கு பேர் சேர்ந்தாலும் நிறுத்த முடியாது. விலகி ஓட வழி இருக்கிறதா என்பதை வேலை தொடங்கும் முன்பே பார்த்துவைக்க வேண்டும். உடைந்த லேத்தைப் பழுதுபார்க்கலாம்.

நம் நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்யப்பட்டு, 2024 ஜூன் 1இல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் உள்ள தொழிலாளி, முதலாளி அந்த ஆபத்தை நீக்காதபோது, அங்கிருந்து விலகிக்கொள்ள உரிமை உண்டு. "எனக்கு இது பாதுகாப்பாகத் தெரியவில்லை" என்று சொல்வது கோழைத்தனம் ஆகாது.

செய்து பாருங்கள்

ஒரு தீப்பெட்டியை ஓர் அட்டையின் மேல் நிமிர்த்தி வையுங்கள். அது வழுக்காமல் இருக்க, கீழ்ப்பக்கத்தில் ஓர் அழிப்பானைத் தடுப்பாக ஒட்டுங்கள். அட்டையின் ஒரு முனையை மெதுவாக உயர்த்தி, எந்தக் கோணத்தில் பெட்டி கவிழ்கிறது என்று பாகைமானியால் அளந்து குறியுங்கள். பிறகு பெட்டியின் உச்சியில் இரண்டு நாணயங்களை ஒட்டி மீண்டும் அளவிடுங்கள். கடைசியாக, நாணயங்களைப் பெட்டியின் அடியில் ஒட்டிப் பாருங்கள்.

சிந்தித்து விடை காண்க

1. மூன்று அளவுகளில் எது மிகக் குறைவு? ஏன்?
2. பலகையின் நீளத்தை 4.8 மீட்டர் ஆக்கினால், நம் லேத்தைச் சரிவில் இழுக்கும் விசை எவ்வளவு?
3. அந்தச் சரிவில், மையம் விலகிய லேத்தைக் குறுக்காக இறக்கினால் கவிழுமா? கவிழாவிட்டாலும் அப்படி இறக்கலாமா?