வட்டக் கிணறும் அதன் அளவுகளும்

கண்ணமங்கலம் வட்டாரத்து நாகநதி பல ஆண்டுகள் வறண்டு கிடந்ததாகும். வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் பெண்கள் தடுப்பணை கட்டியும், நீர் செறிவூட்டும் கிணறுகள் தோண்டியும் அதற்கு உயிரூட்டினர். 2021 செப்டம்பரில் பிரதமர் தமது வானொலி உரையில் இதனைப் பாராட்டினார். கிணறு தோண்டும் ஊர்களில் வட்டத்தின் கணக்கையும் நாம் அறிந்திருத்தல் அவசியம். தோண்டிய மண்ணின் கன அளவைக் கொண்டு கூலி வழங்கும்போது, அளவு பிசகினால் கூலியும் பிசகும்.

வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்பு வரை உள்ள தூரம் ஆரம். நடுவின் வழியாக ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரை உள்ளது விட்டம். அது ஆரத்தைப்போல் இரு மடங்கு. விட்டத்தை 22 ஆல் பெருக்கி 7 ஆல் வகுத்தால், ஏறத்தாழச் சுற்றளவு கிடைக்கும். கிணற்றின் குறுக்கே கயிறு பிடிக்கையில் அது நடுவை விட்டு விலகினால் அளவு குறைந்துவிடும். ஆகவே கயிற்றை இருபுறமும் நகர்த்திப் பார்த்து, மிக நீண்ட அளவையே விட்டமாகக் கொள்க.

பரப்புக் காணும் வழியை நம் முன்னோர் ‘கணக்கதிகார’த்திலேயே கூறியுள்ளனர். பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்குவதே அம்முறை.

14 அடி விட்டமுள்ள குழியை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 44 அடி. பாதிச் சுற்றளவு 22. பாதி விட்டம் 7. பரப்பு 154 சதுர அடி. 20 அடி ஆழம் தோண்டினால் 3,080 கன அடி மண் வெளிப்படும்.

பின்னர் உள்ளே ஓரடி கனத்தில் சுற்றுச்சுவர் எழுப்பினால், உள்விட்டம் 12 அடியாகிவிடும். பரப்பு சுமார் 113 சதுர அடியே. சுவர் எழும்பிய பின் உள்விட்டத்தை அளந்து மண்வேலைக்குக் கணக்கிட்டால், 800 கன அடிக்கு மேற்பட்ட மண்ணுக்குரிய கூலியை உழைத்தவர் இழப்பர். நீரின் கணக்குக்கோ உள்விட்டமே சரியானது: இக்கிணற்றில் ஓரடி உயர நீர் ஏறத்தாழ 3,200 லிட்டர்.

ஆதலின், சுவர் எழுப்புமுன்பே குழியின் விட்டத்தையும் ஆழத்தையும் வேலையாட்கள் முன்னிலையில் அளந்து பதிவு செய்தல் பஞ்சாயத்து உறுப்பினர்களின் கடமையாகும். ஒரு கயிறும் சிறிது கணக்கும் இருந்தால், உழைத்தவரின் கூலி குறையாமல் காக்கலாம்.