செவியின் இரு பணிகள்: கேட்டலும் உடல்நிலை காத்தலும்

பெங்களூரு நகரில் ஓசூர்ச் சாலையை ஒட்டி அமைந்துள்ள பகுதி அடுகோடி. 1953-ஆம் ஆண்டு முதல் பல பத்தாண்டுகள் மைக்கோ தொழிற்சாலை இங்கு டீசல் எஞ்சின்களுக்கான எரிபொருள் பம்புகளைச் செய்துவந்தது. உற்பத்தி வேலை நகருக்கு வெளியே பெயர்ந்தபின், அவ்விடம் 2022-இல் தொழில்நுட்ப வளாகமாக உருமாறிற்று. அதே சாலையில், அடுகோடிக்கு அண்மையில், மக்கள் நிம்ஹான்ஸ் எனச் சுருக்கி அழைக்கும் தேசிய மனநல, நரம்பு விஞ்ஞான நிலையம் உள்ளது. 1974-இல் இப்பெயரில் அமைந்த அந்நிலையத்தில் பேச்சையும் கேள்வியையும் ஆராயும் துறை ஒன்றும் இயங்குகிறது. காது கேளாதவரை நரம்பு மருத்துவமனைக்கு ஏன் அனுப்பவேண்டும் என்று வியப்பவர் உண்டு. அதற்குரிய விடை செவியின் அமைப்பிலேயே அடங்கியிருக்கிறது.

செவி மூன்று பகுதிகளைக் கொண்டது. வெளியே தெரியும் மடலும், ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் நீளமுள்ள துளையும் புறச்செவியாகும். துளையின் முடிவில் செவிப்பறை என்னும் மெல்லிய சவ்வு உள்ளது. அதற்கப்பால் காற்று நிரம்பிய சிறு அறையே நடுச்செவி. அதனுள் சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் வடிவங்களை ஒத்த மூன்று எலும்புகள் சங்கிலிபோல் கோக்கப்பட்டுள்ளன. அங்கவடி எலும்பு மூன்று மில்லிமீட்டர் அளவினது. மனித உடலின் எலும்புகளில் இதுவே மிகச் சிறியது.

இந்த எலும்புகள் எதற்கு? கிணற்றில் மூழ்கி நீந்துபவனுக்குக் கரையில் நிற்பவர் கூப்பிடும் குரல் கேட்பதில்லை. காற்றில் வரும் ஒலி நீரின் பரப்பில் பட்டதும் பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. ஆயிரத்தில் ஏறத்தாழ ஒரு பங்கே உட்புகுகிறது. உட்செவியோ திரவம் நிரம்பியது. ஆகவே காற்றின் அசைவைத் திரவத்தின் அசைவாக மாற்ற ஓர் ஏற்பாடு தேவை. செவிப்பறையின் அதிரும் பரப்பு சுமார் 55 சதுர மில்லிமீட்டர். அங்கவடியின் அடித்தட்டு சற்றேறக்குறைய 3.2 சதுர மில்லிமீட்டர். அகன்ற பரப்பில் விழும் விசை குறுகிய பரப்பில் குவிவதாலும், எலும்புகள் நெம்புகோலாக இயங்குவதாலும் அழுத்தம் ஏறக்குறைய இருபது மடங்கு பெருகுகிறது. செவிப்பறை கிழிந்தாலும் எலும்புச் சங்கிலி அறுந்தாலும் இப்பெருக்கம் இழக்கப்படும். இத்தகைய குறையை அறுவை முறையில் பெரும்பாலும் சீர்செய்ய இயலும்.

உட்செவியில் நத்தையின் ஓடுபோல் இரண்டரைச் சுற்றுக்குமேல் சுருண்ட குழல் ஒன்றுண்டு. அதை விரித்தால் நீளம் சுமார் 35 மில்லிமீட்டர். அதன் உள்ளே நீள ஓடும் சவ்வின்மீது நுண்மயிர்களையுடைய உயிரணுக்கள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன: உள்வரிசையில் ஏறத்தாழ 3,500, வெளிவரிசைகளில் ஏறத்தாழ 12,000. கீச்சென்ற ஒலி சுருளின் அடிப்பகுதியையும், கனத்த ஒலி அதன் உச்சியையும் மிகுதியாக அசைக்கின்றன. இவ்வாறு அலை சவ்வின்மேல் நகர்வதைக் கண்டு விளக்கிய கியார்க் வான் பெக்கெசிக்கு 1961-இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. மயிர்கள் வளையும்போது உண்டாகும் மின் துடிப்பை எட்டாவது மூளை நரம்பு மூளைக்குக் கொண்டுசெல்கிறது. ஒலி சொல்லாகப் பொருள்படுவது மூளையில்தான். நரம்பில் கட்டி தோன்றினாலும், மூளைத்தண்டு பழுதுபட்டாலும், செவி மூன்று பகுதியிலும் நன்றாயிருந்தும் ஒருவர் கேளாதவராகலாம்.

பறவைகளில் சிதைந்த மயிர் உயிரணுக்கள் மீண்டும் வளர்கின்றன. மனிதருக்கு அந்தப் பேறு இல்லை, போனது போனதுதான். தொழிற்கூட இரைச்சலின் கொடுமை இங்குதான் தொடங்குகிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட மாதிரி விதிகள், எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபெல் என வரம்பிட்டன. 95 டெசிபெல்லுக்கு நான்கு மணி, 100 டெசிபெல்லுக்கு இரண்டு மணி. பத்து டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது என்பதை நினைவிற்கொண்டால், அலகில் சிறிதாகத் தோன்றும் ஏற்றம் உண்மையில் எவ்வளவு பெரிதென விளங்கும்.

இரைச்சலால் வரும் கேடு முதலில் விநாடிக்கு 4,000 அதிர்வு அளவிலுள்ள ஒலிகளையே தாக்குகிறது. பேச்சின் பெரும்பகுதி அதற்குக் கீழே இருப்பதால், தொழிலாளி தமக்கு ஒரு குறையும் இல்லை என்றே நெடுநாள் எண்ணியிருப்பார். பிறகு ‘ச’, ‘த’ போன்ற மெய்யொலிகள் மங்கும். குரல் கேட்கிறது, சொல் புரியவில்லை என்பார். வீட்டார் உரக்கக் கத்துவர். அதனால் பயன் சிறிதே. வலியில்லாமல் வருவதால் இக்கேட்டை எவரும் தேடிச்சென்று காட்டுவதில்லை. ஆண்டுக்கொருமுறை கேட்பளவைச் சோதிப்பதைத் தவிர இதைத் தொடக்கத்திலேயே அறிய வேறு வழியில்லை. காதுக்குள் ஒலிபெருக்கியைச் செருகிப் பேருந்தின் இரைச்சலையும் மிஞ்சப் பாட்டுக் கேட்கும் இக்காலத்து இளைஞரும் அதே உயிரணுக்களைத்தான் செலவழிக்கின்றனர். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றைச் சுற்றிய அமைதிப் பகுதிகளுக்குப் பகலில் 50 டெசிபெல்லே அளித்துள்ளன; ஓசூர்ச் சாலையில் ஊதும் ஒலிப்பான்கள் அவ்விதியைப் படித்ததாகத் தெரியவில்லை.

செவியின் இரண்டாம் பணி பலர் அறியாதது. உட்செவியில், நத்தைச் சுருளுக்குப் பின்னே, ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை திரும்பும்போது குழலின் சுவர் உடன் திரும்ப, உள்ளிருக்கும் திரவம் சற்றுப் பின்தங்குகிறது. அப்பின்தங்கலே அங்குள்ள மயிர்களை வளைத்துத் திருப்பத்தை மூளைக்கு அறிவிக்கிறது. தட்டாமாலை சுற்றும் குழந்தைகள் இதைத் தாமே சோதித்துப் பார்க்கின்றனர். சுற்றிக்கொண்டேயிருந்தால் திரவமும் சுவரின் வேகத்தை அடைந்துவிடும்; நின்றதும் சுவர் நிற்க, திரவம் மட்டும் ஓடும். உலகமே எதிர்த்திசையில் சுழல்வதுபோல் தோன்றுவது இதனால்தான். குழல்களின் அடியிலுள்ள இரு சிறு பைகளில் சுண்ணாம்புத் துகள்கள் பொதிந்துள்ளன. தலையின் சாய்வையும், நேர்க்கோட்டு வேகமாற்றத்தையும் இவை உணர்த்துகின்றன.

பெங்களூருவின் கரகத் திருவிழாவில், இரவில், கையால் தாங்காமல் தலைமேல் கரகம் ஏந்திச் செல்பவரின் திறனில் செவி, கண், உள்ளங்காலும் மூட்டுகளும் தரும் உணர்வு ஆகிய மூன்றும் கூடி உழைக்கின்றன. கண்ணுக்கு வேலை குறையும் இடத்தில் மற்ற இரண்டும் சுமையை ஏற்கின்றன. மேகத்துள் நுழைந்த விமானிக்கோ அவை பொய் சொல்லும். சீராக நீளும் திருப்பத்தைக் குழல்கள் உணராமற்போவதால், வளைந்து இறங்கும் விமானம் நேரே செல்வதாகவே அவருக்குத் தோன்றும். 1957-இல் பெங்களூருவில் தொடங்கப்பட்ட விமானப்படை மருத்துவ நிலையம், உணர்வை நம்பாது கருவிகளை நம்பும்படி விமானிகளைப் பழக்குகிறது.

தலைசுற்றலுடன் வருபவரிடம் குற்றம் செவியிலா மூளையிலா எனப் பிரித்தறிவது மருத்துவருக்கு முதல் வேலை. காதில் வெதுவெதுப்பான நீரையும் குளிர்ந்த நீரையும் மாறிமாறிச் செலுத்தி, விழிகள் துடிக்கும் திசையைக் காணும் சோதனையை ராபர்ட் பாராணி வகுத்தார். அவருக்கு 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு உரியதாயிற்று. சுண்ணாம்புத் துகள் இடம்பெயர்ந்து அரைவட்டக் குழலுள் விழுந்தால், படுக்கையில் புரளும்போது சில விநாடிகள் கடும் சுழற்சி உண்டாகும். பயிற்சி பெற்றவர் தலையை முறையாகத் திருப்பி, மருந்தின்றியே இதைப் போக்குவர். மாறாக, சுழற்சியுடன் நாக்குளறல், இரட்டைப் பார்வை, ஒருபக்கச் செயலிழப்பு ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்தாலும் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும்.

களப்பணியாளர் அடிக்கடி காண்பது சீழ் வடியும் காதையே. நடுச்செவியைத் தொண்டையோடு இணைக்கும் குழல் குழந்தைகளுக்குக் குட்டையாகவும் கிடைமட்டமாகவும் இருப்பதால், சளி எளிதில் மேலேறுகிறது. நடுச்செவியின் கூரை மெல்லிய எலும்பு, அதற்குமேல் மூளை. துர்நாற்றமுள்ள சீழ் இடைவிடாது வடிந்தால், எலும்பை அரிக்கும் நோயெனக் கருதி உடனே நிபுணரிடம் அனுப்பவேண்டும். காய்ச்சிய எண்ணெய் விடுவது நாட்டில் பழகிய வழக்கம். செவிப்பறையில் துளையுள்ள காதில் அது நேரே நடுச்செவிக்குள் இறங்கிவிடும். தீக்குச்சியும் கொண்டையூசியும் வேண்டா. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் வகை ஊசி பெறுபவர், காதில் இரைச்சலோ நடையில் தள்ளாட்டமோ கண்டால், அன்றே மருத்துவரிடம் தெரிவிக்கவேண்டும். மயிர் உயிரணுக்களைக் கொல்லும் இயல்பு அம்மருந்துகளுக்கு உண்டு.

பள்ளியில் ஆசிரியர் செய்யக்கூடியது மிகுதி. பின்னாலிருந்து அழைத்தால் திரும்பாத சிறுவன், வாயசைவையே உற்றுநோக்கும் சிறுமி, சொல்வதெழுதலில் மட்டும் பிழை மலிந்த மாணவன் ஆகியோர் மந்த புத்தியினர் எனத் தள்ளப்பட்டுப் பின்வரிசைக்குப் போய்விடுகின்றனர். அங்கு அவர்களுக்கு இன்னும் குறைவாகவே கேட்கும். இசைக்கவை ஒன்றிருந்தால் போதும்: அதைத் தட்டிக் காதின் பின்புற எலும்பில் ஊன்றி, ஒலி ஓய்ந்ததென்று மாணவன் சொன்னதும் காதின் முன்னே பிடிக்கவேண்டும். மீண்டும் கேட்டால் புறச்செவியும் நடுச்செவியும் பெரும்பாலும் செம்மை. கேளாவிடில் தடை அங்கு இருக்கக்கூடும். முதல் வகையிலும் கேள்வி மந்தமாக இருப்பின், குறை உட்செவியிலோ நரம்பிலோ இருத்தல் கூடும். பேச அறியாத கைக்குழந்தைக்கு இச்சோதனை உதவாது. அதைத் தூங்கவைத்து, காதில் ஒலி எழுப்பி, மூளைத்தண்டின் மின்னலைகளைத் தலையில் ஒட்டிய தகடுகளால் அளப்பர். பிறந்த சில நாட்களிலேயே இதைச் செய்யலாம். மொழி வேரூன்றும் ஆண்டுகள் முதல் மூன்றே ஆதலால், ஆறு மாதத்திற்குள் கேட்புக்கருவி பொருத்தப்பெற்ற குழந்தைக்கும் மூன்று வயதில் முதன்முறையாகப் பொருத்தப்பெற்ற குழந்தைக்கும் பேச்சில் பெரிய வேறுபாடு காணப்படுகிறது.