மோட்டார் மீதே பழி போடாதீர்கள்

பவர் விண்டோ நின்றுபோனால் பட்டறையில் முதலில் வரும் தீர்ப்பு, "மோட்டார் போயிடுச்சு சார், மாத்திடலாம்." பல நேரம் டோர் பேடைக்கூடக் கழற்றாமலே சொல்லிவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் செலவாகும் வேலை இது. அதனால் சில நம்பிக்கைகளை உரசிப் பார்த்துவிடுவது நல்லது.

"கண்ணாடி ஏறவில்லை என்றால் மோட்டார்தான்."

பேட்டரியிலிருந்து கண்ணாடிவரை மின்சாரத்துக்கு நீண்ட பயணம்: ஃபியூஸ், ஓட்டுநர் பக்கத்து மாஸ்டர் ஸ்விட்ச், அந்தந்தக் கதவின் ஸ்விட்ச், கதவுக்குள் போகும் வயர், பிறகுதான் மோட்டார். அதன் பின்னும் கேபிளும் ரெகுலேட்டரும் இருக்கின்றன. இதில் எது அறுந்தாலும் கண்ணாடி அசையாது.

முதலில் காது கொடுங்கள். ஸ்விட்சை அழுத்தும்போது உள்ளே மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டு, கண்ணாடி மட்டும் நகரவில்லையென்றால் மோட்டார் உயிரோடு இருக்கிறது. கேபிளோ, கண்ணாடியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்போ உடைந்திருக்கும். கண்ணாடி தானாகக் கீழே இறங்கிவிட்டாலும் இதே கதைதான். மோட்டாரில் இருக்கும் வார்ம் கியர் கண்ணாடியைத் தானாக இறங்க விடாது. இறங்குகிறது என்றால் இடையில் பிடிப்பு போய்விட்டது.

சத்தமே இல்லையா? இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் நிலையில் வைத்து, உள்விளக்கைப் போட்டுக்கொண்டு ஸ்விட்சை அழுத்துங்கள். விளக்கு லேசாக மங்கினால் மின்சாரம் மோட்டார்வரை போகிறது, மோட்டார் இறுகியிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். மங்கவே இல்லையென்றால் வழியில் எங்கோ தடை.

இறுதிச் சோதனை மல்டிமீட்டரில். மோட்டாரின் கப்ளரைக் கழற்றி, ஸ்விட்சை அழுத்தியபடி இரு வயர்களுக்கும் இடையே அளந்தால் சுமார் 12 வோல்ட் வர வேண்டும். ஏற்றும்போது ஒரு திசை, இறக்கும்போது எதிர்த் திசை. இரண்டிலும் வந்தும் மோட்டார் சுற்றவில்லையென்றால் பெரும்பாலும் பழுது மோட்டாரில்தான். வரவில்லையென்றால் புது மோட்டாரும் சுற்றப்போவதில்லை. இது இரண்டு வயர் மோட்டாருக்கான கணக்கு. மோட்டாரோடு மின்னணு மாட்யூல் சேர்ந்த வண்டிகளுக்குச் சோதனை முறை வேறு.

"பின் கதவில் கோளாறென்றால் பின் கதவைப் பிரிக்க வேண்டும்."

முதலில் ஓட்டுநர் பக்கத்து விண்டோ லாக் பொத்தானைப் பாருங்கள். அது அழுந்தியிருந்தால் மற்ற கதவுகளின் ஸ்விட்ச் வேலை செய்யாது. பல கார்களில் பின் கதவு மோட்டாருக்கான மின்பாதை மாஸ்டர் ஸ்விட்ச் வழியாகவே போகிறது. அதன் உள்முனைகள் கருத்துவிட்டாலும் பின் கண்ணாடி நின்றுபோகும்.

அடுத்து, கதவுக்கும் தூணுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாய். கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே வயர் மடங்கி நிமிர்கிறது. ஆண்டுகள் போனால் உறைக்குள்ளேயே செம்பு அறுந்துவிடும். கதவைப் பல கோணங்களில் நிறுத்தி ஸ்விட்சை அழுத்திப் பாருங்கள். ஒரு கோணத்தில் மட்டும் கண்ணாடி ஓடினால் பழுது அங்கேதான். அந்த வயரைச் சால்டர் செய்து ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். முறுக்கி டேப் சுற்றினால் அதே இடத்தில் மறுபடி விட்டுப்போகும்.

"ஃபியூஸ் அடிக்கடி போகிறது, கொஞ்சம் பெரிதாகப் போட்டால் சரி."

இது ஆபத்து. ஃபியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. 20 ஆம்பியர் இடத்தில் 30 போட்டாலோ, செம்புக் கம்பியைச் சுற்றினாலோ, ஃபியூஸ் உருகுவதற்குப் பதில் டேஷ்போர்டுக்குள் வயர் உருகும். ஒரே ஃபியூஸ் இரண்டாம் முறை போனால் எங்கோ ஷார்ட் அல்லது மோட்டார் இறுக்கம். அதைத் தேடுங்கள்.

"மெதுவாக ஏறினால் ஆயில் விடலாம்."

கண்ணாடி ஓடும் ரப்பர் சேனலில் ஆயிலோ கிரீஸோ விட்டால் புழுதி ஒட்டிப் பசையாகும். பெட்ரோலிய எண்ணெய் பல வகை ரப்பரை உப்ப வைக்கும். ஈரத்துணியால் சேனலைத் துடைத்து, சிலிக்கோன் ஸ்பிரே அடிப்பதே முறை. கிரீஸுக்கு இடம் கதவுக்குள் இருக்கும் ரெகுலேட்டரின் இரும்புத் தண்டவாளம்.

"கதவுக்குள் மழைநீர் போகவே கூடாது."

போகும். வெளிப்பக்கத்து பீடிங்கைத் தாண்டி இறங்கும் நீர், கதவின் அடியில் உள்ள துளைகள் வழியாக வெளியேறும்படிதான் கதவைச் செய்திருக்கிறார்கள். சேறு அந்தத் துளைகளை அடைத்தால்தான் தொல்லை. டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டும் அவசியமானது. பழுது பார்க்கும்போது அதைக் கிழித்துத் தூக்கிப்போடும் பழக்கம் எனக்குக் கோபமூட்டுவது. ஷீட் போனால் நீர் ஸ்விட்ச் மீதும் ஸ்பீக்கர் மீதும் தெறித்து, அடுத்த மழைக்காலத்தில் அடுத்த செலவு வரும்.

குழந்தைகள் விளையாட்டாகப் பத்துப் பதினைந்து முறை ஏற்றி இறக்கிய பின் கண்ணாடி நின்றால் பதறாதீர்கள். சூடேறிய மோட்டார் தன்னைக் காத்துக்கொள்ள நின்றிருக்கலாம், ஆறியதும் ஓடும்.

பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சில வண்டிகளில் ஆட்டோ-அப் வசதி மறந்துபோகும். அதற்கும் மோட்டார் மாற்ற வேண்டாம். கையேட்டில் சொன்னபடி, வழக்கமாகக் கண்ணாடியை முழுக்க ஏற்றி ஸ்விட்சைச் சில நொடிகள் பிடித்திருந்தால் திரும்ப வந்துவிடும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: கை சிக்கினால் கண்ணாடி தானே இறங்கும் பாதுகாப்பு எல்லாக் கார்களிலும், எல்லாக் கதவுகளிலும் கிடையாது. வண்டியைப் பட்டறையிலிருந்து எடுக்குமுன் லாக் பொத்தான் வேலை செய்கிறதா என்று பாருங்கள். குழந்தைகள் உள்ளே இருக்கையில் சாவியை வண்டியில் விட்டு இறங்காதீர்கள்.