பழங்காசுகளைப் பேணுதல்

பண்டை வரலாற்றை அறிதற்குத் துணைபுரியும் சான்றுகளுள் கல்வெட்டும் செப்பேடும் தலைசிறந்தவை. அவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது காசு. அளவிற் சிறிதாயினும், வேறெங்கும் கிடைக்காத செய்தியை அது காத்து வைத்திருத்தல் உண்டு. சங்ககாலப் பாண்டியரின் சதுரச் செப்புக்காசு ஒன்றில் ‘பெருவழுதி’ என்னும் பெயர் தமிழ்ப் பிராமி எழுத்திற் பொறிக்கப்பெற்றுள்ளது. நாணய ஆராய்ச்சியாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1980-களில் அதனைக் கண்டறிந்து வெளிப்படுத்தினார். சங்ககாலத்துப் பாண்டியர் தம் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டனர் என்பதற்கு அது சான்றாயிற்று. அவ்வெழுத்து மட்டும் தேய்ந்து மறைந்திருப்பின், அக்காசு பெயரற்ற செப்புத் துண்டாகவே எஞ்சியிருக்கும்.

பழங்காசு கிடைத்தவுடன் பலரும் செய்யும் முதற்பிழை அதனைத் துலக்குதலே. செம்புக் குடத்தைப் புளியிட்டும், வெள்ளிக் கிண்ணத்தைத் திருநீறிட்டும் துலக்குதல் தமிழர் இல்லங்களின் வழக்கம். பாத்திரத்திற்கு ஏற்ற அம்முறை காசிற்குப் பொருந்தாது. புளியிலுள்ள அமிலம் காசின் மேற்பரப்பை அரிக்கும். திருநீற்றுத் துகள் நுண்ணிய கோடுகளைத் தேய்க்கும். நெடுங்காலம் மண்ணிற் கிடந்த செப்புக்காசின்மேல் பழுப்பாகவோ பச்சையாகவோ ஒரு படலம் இறுகிப் படிந்திருக்கும். அஃது அழுக்கன்று, உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும் போர்வை. எழுத்தும் உருவமும் பெரும்பாலும் அப்படலத்திலேயே தங்கியிருத்தலால், அதனைச் சுரண்டின் அவையும் உடன் அழியும்.

ஆயினும், பச்சை யாவும் நன்மை தருவன அல்ல. வெளிர்பச்சை நிறத்தில் மாவு போல உதிரும் பொடி தோன்றின், அது செம்பிற்கு வந்த நோய் என அறிதல் வேண்டும். குளோரைடு உப்பு, ஈரமும் காற்றும் சேர்ந்தவழி, செம்பை ஓயாது அரித்துக்கொண்டே இருக்கும். அக்காசை உடனே பிறவற்றினின்று பிரித்து உலர்ந்த இடத்தில் வைத்து, வல்லுநரிடம் காட்டுதல் வேண்டும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தொல்பொருள்களைப் பேணுதற்கென்றே வேதியியற் கூடம் ஒன்று அமைந்துள்ளது.

கைவியர்வையிலும் உப்பு உண்டு. ஆதலின், காசின் முகத்தைத் தொடாது, விளிம்பை மட்டும் இரு விரல்களாற் பற்றுதல் வேண்டும். கீழே மெல்லிய துணியை விரித்துக்கொள்வது நன்று. கை தவறினும் காசு ஊறுபடாது.

காசை வைக்கும் உறையும் அதற்குப் பகையாதல் கூடும். பாலிவினைல் குளோரைடு என்னும் பிளாஸ்டிக்கினாலாகிய மெல்லுறை நாளடைவிற் சிதைந்து, காசின்மேல் பசை போன்ற பச்சைப் படலத்தை உண்டாக்கும். பாலியெஸ்டர் உறையோ அமிலம் நீக்கிய தாளோ ஏற்றது. கொங்கு நாட்டிற் கிடைத்த உரோமானிய வெள்ளிக்காசுகள் போன்றவற்றை ரப்பர் வளையத்தாற் கட்டி வைத்தல் ஆகாது. ரப்பரிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். ஈயக்காசை மரப்பெட்டியில் வைப்பின், மரத்தினின்று எழும் அமில ஆவி அதனை வெண்பொடியாக்கும். பெட்டியினுள் சிலிக்கா ஜெல் மணிகள் சிலவற்றை இட்டு வைத்தால் அவை ஈரத்தை உறிஞ்சும். கடற்கரை ஊர்களில் இஃது இன்றியமையாதது. ஒவ்வோர் உறையிலும் காசு கிடைத்த இடம், எடை, நாள் ஆகியவற்றைக் குறித்த சீட்டு இருத்தல் வேண்டும். கிடைத்த இடம் தெரியாத காசு பாதிச் செய்தியை இழந்த காசாகும்.

ஈராயிரம் ஆண்டு மண்ணுள் மறைந்து கிடந்தும் அழியாது தப்பிய எழுத்து, ஒருவர் கையில் ஒரு நாழிகைப் பொழுதில் அழிந்துபோதல் கூடும். பளபளக்கச் செய்யும் ஆசையை அடக்கிக் காசை உள்ளவாறே காப்பவர், அதனைப் பின்னொரு நாள் படிக்கப்போகும் அறிஞருக்குப் பேருதவி புரிந்தவராவர்.